விபத்துக்குப் பிறகு மேலாளரைக் கைது செய்வார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்பார்வையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது என் வேலை. "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து நான் பையைக் கட்டும்போது ஒருவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு சின்ன டவுட்" என்பார். அந்த டவுட் பெரும்பாலும் ஜெயிலைப் பற்றியதாகத்தான் இருக்கும். பல வருடமாகக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் மீது ஏற்கெனவே வழக்கு இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு குற்றவியல் வக்கீலைப் பாருங்கள். அது இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

விபத்துக்குக் கம்பெனிதானே பொறுப்பு? மேனேஜரைத் தனியாகப் பிடித்து உள்ளே போடுவார்களா?

போடுவார்கள். கம்பெனி மீது ஒரு வழக்கும், அதே விபத்துக்காகத் தனி மனிதர் மீது இன்னொரு வழக்கும் நடப்பது பல நாடுகளில் வழக்கமான விஷயம். பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. கம்பெனி செய்த குற்றம் ஓர் இயக்குநரின் அல்லது மேலாளரின் சம்மதத்தோடு நடந்திருந்தாலோ, அவர் கண்டும் காணாமல் விட்டதால் நடந்திருந்தாலோ, அவருடைய அலட்சியத்தால் நடந்திருந்தாலோ, அவரும் குற்றவாளி. சிறைத் தண்டனை 2 வருடம் வரை போகலாம்.

தென்கொரியா இன்னும் கடுமை. 2022 ஜனவரி 27 முதல் அங்கே நடைமுறையில் உள்ள கடும் விபத்துத் தண்டனைச் சட்டப்படி, பாதுகாப்புக் கடமையைச் செய்யாததால் ஒருவர் இறந்தால் நிர்வாகத் தலைவருக்குக் குறைந்தது 1 வருடச் சிறை, அல்லது 100 கோடி வொன் வரை அபராதம். "குறைந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மற்ற பல நாட்டுச் சட்டங்கள் மேல் வரம்பை மட்டும்தான் சொல்கின்றன.

குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்துவிட்டால் கேஸ் முடிந்துவிடாதா?

முடியாது. இழப்பீடு என்பது கம்பெனிக்கும் குடும்பத்துக்கும் இடையிலான கணக்கு. குற்ற வழக்கு அரசு தொடுப்பது. குடும்பமே வந்து "எங்களுக்குப் புகார் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் அரசு நடத்தலாம். தண்டனையின் அளவைப் பேசும்போது இழப்பீடு கொஞ்சம் கணக்கில் வரலாம், அவ்வளவுதான்.

எங்கள் இடத்தில் பத்து பேருக்கு மேனேஜர் என்றுதான் பெயர். இதில் எந்த மேனேஜர்?

விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைக் கோர்ட் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வேலையை நிறுத்துகிற அதிகாரம் யார் கையில் இருந்தது என்றுதான் தேடும். யார் சொன்னால் மெஷின் நிற்கும், யார் கையெழுத்துப் போட்டால் பொருள் வாங்குவார்கள், யார் ஆளை அனுப்பினார்கள். இந்த மூன்றுக்கும் பதில் ஒரே ஆளாக இருந்தால் அவர் நிலைமை சிக்கல்தான். கனடாவில் 2004 முதல் குற்றவியல் சட்டத்திலேயே இது இருக்கிறது. இன்னொருவர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று வழிநடத்துகிற எவருக்கும், அவர் உடலுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் சட்டக் கடமை உண்டு. "எவருக்கும்" என்பதில் ஃபோர்மேனும் அடக்கம்.

சில சட்டங்கள் ஆளை முன்கூட்டியே குறித்து வைக்கும். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆக்குபையர் (ஆலையின் முழுக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர்), மேனேஜர் என்று இரண்டு பேரைக் கேட்டது. கம்பெனியாக இருந்தால் ஆக்குபையர் ஓர் இயக்குநராகத்தான் இருக்க வேண்டும், யாரோ ஓர் அதிகாரியின் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் பெயர் இப்படி ஒரு ஃபாரத்தில் ஏறியிருக்கிறது என்பதே தெரியாதவர்களைச் சந்தித்திருக்கிறேன். உங்கள் பெயர் எந்த ஃபாரத்தில் இருக்கிறது என்று நாளைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஆபத்து எனக்குத் தெரியவே தெரியாது என்றால்?

தெரியாதது ஏன் என்று அடுத்த கேள்வி வரும். தெரிந்திருக்க வேண்டியது உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அதையே அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளும் சட்டங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் மாநிலங்கள் பின்பற்றுவதற்காக எழுதிய மாதிரிப் பாதுகாப்புச் சட்டம் நிர்வாகிகளிடம் இதை வரிசையாகக் கேட்கிறது. பாதுகாப்பு விஷயத்தில் உன் அறிவைப் புதுப்பித்துக்கொண்டாயா, உன் தொழிலின் ஆபத்துகள் புரிந்ததா, பணமும் ஆளும் ஒதுக்கினாயா, தகவல் உன்னிடம் வந்து சேர வழி செய்தாயா, அதெல்லாம் உண்மையிலேயே நடக்கிறதா என்று சரிபார்த்தாயா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள்.

அமெரிக்காவில் 1975-இல் ஒரு வழக்கு. தொழிலாளர் பாதுகாப்பு வழக்கு இல்லை, உணவுச் சுகாதார வழக்கு. ஒரு பெரிய மளிகைக் கடைச் சங்கிலியின் கிடங்கில் எலித் தொல்லை. அதன் தலைவர் "நம்பிக்கையான ஆளிடம் ஒப்படைத்தேன்" என்றார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தடுக்கும் அதிகாரம் உன்னிடம் இருந்தது, தடுக்கவில்லை, எனவே பொறுப்பு உன்னுடையது என்றது. அபராதம் மொத்தம் 250 டாலர்தான். ஆனால் அந்தத் தீர்ப்பை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள்.

தப்பு செய்தது தொழிலாளி. பெல்ட் போடச் சொன்னேன், போடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவரின் ஆதங்கமும் உண்மையானது. ஆனால் டொரோண்டோவில் நடந்ததைப் பாருங்கள்.

2009 டிசம்பர் 24. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனிகளைச் செப்பனிடத் தொங்கு சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தில் ஆறு பேர். இருந்த லைஃப்லைன்கள், அதாவது விழுந்தால் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறுகள், இரண்டு. அந்த இடத்துக்கு வந்த புராஜெக்ட் மேனேஜர், லைஃப்லைன் எங்கே என்று தள மேற்பார்வையாளரிடம் கேட்டார். கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. சாரம் நடுவில் முறிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், அந்த மேற்பார்வையாளரும் அதில் ஒருவர். சரியாகக் கயிற்றில் மாட்டியிருந்தவர் அந்தரத்தில் தொங்கிப் பிழைத்தார். புராஜெக்ட் மேனேஜருக்கு மூன்றரை வருடச் சிறை.

அவர் கேள்வி கேட்டார் என்பது அவருக்கு உதவவில்லை. மாறாக, ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சியாகிவிட்டது. "சொன்னேன்" என்பது ஆரம்பம்தான். சொல்லியும் போடவில்லை என்றால் வேலையை நிறுத்தினீர்களா, ஆளைக் கீழே இறக்கினீர்களா? மாட்டுவதற்குக் கயிறே போதவில்லை என்றால் தொழிலாளியின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசவே இடமில்லை.

அதற்காகத் தொழிலாளி எது செய்தாலும் மேலாளர் தலையில்தான் விழும் என்று அர்த்தமில்லை. யாரும் எதிர்பார்க்க முடியாத கிறுக்குத்தனம் என்றால் வழக்கு நிற்காது. ஆனால் "எல்லோரும் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள்" என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்துவிட்டால், அது எதிர்பார்த்த விஷயமாகிவிடும்.

எங்களிடம் பேப்பர் எல்லாம் பக்கா. பெர்மிட், செக்லிஸ்ட், பயிற்சிக் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. போதாதா?

ஓர் ஆலையில் தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கான பெர்மிட் (அனுமதிச் சீட்டு) புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இறங்கும் முன் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டிய கட்டம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் 20.9, 20.9, 20.9. வெளிக்காற்றின் அளவு அது. சரி, நல்ல தொட்டிபோல என்று நினைத்தேன். மையும் ஒன்றுதான், கையெழுத்தின் சாய்வும் ஒன்றுதான். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் மறுநாள் தேதி. நாளைக் காலை ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தத் தொட்டியில் யாராவது மூச்சடைத்து இறந்திருந்தால் அந்தப் புத்தகம் யாரைக் காப்பாற்றும்? அரசுத் தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. எதையுமே எழுதாமல் விட்டிருந்தால் அலட்சியம் என்று மட்டும் சொல்வார்கள். பொய்யாக எழுதினால், செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தே செய்யவில்லை என்று சொல்ல வழி பிறக்கிறது. உண்மையான பேப்பர் நிச்சயம் உதவும். அதில் சில நாள் 20.4 இருக்கும், சில நாள் "வேலை நிறுத்தப்பட்டது" என்று கிறுக்கியிருக்கும்.

நான் பணம் கேட்டேன், மேலிடம் மறுத்துவிட்டது. மெயில் இருக்கிறது. நான் தப்பித்தேனா?

பாதி தப்பித்தீர்கள். அந்த மெயில் பொறுப்பின் பெரும்பகுதியை மறுத்தவர் பக்கம் தள்ளும். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச்சில் துடுப்புப் படகில் போன நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் சாகசப் பயிற்சி மையத்தில் முன்பு வேலை பார்த்த பயிற்சியாளர்கள், பாதுகாப்பு மோசமாக இருக்கிறது என்று ஏற்கெனவே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். 1994-இல் கம்பெனியும் அதன் நிர்வாக இயக்குநரும் மனிதக்கொலை (கொல்லும் நோக்கமில்லாமல் மரணம் விளைவித்த) குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அவருக்கு 3 வருடச் சிறை, மேல்முறையீட்டில் 2 ஆனது. அந்தக் கடிதம் வழக்கில் முக்கியமான சான்று.

மீதிப் பாதி என்னவென்றால், மறுத்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? கார்டு (மெஷினின் பாதுகாப்பு மூடி) வாங்கப் பணம் தரவில்லை, சரி. கார்டு இல்லாத மெஷினில் மறுநாள் ஆளை நிறுத்தியது யார்? அது நீங்கள் என்றால், அந்த மெயில் உங்களுக்குச் சாதகமான சான்றும் ஆகும், உங்களுக்கு எதிரான சான்றும் ஆகும்.

விபத்து நடந்த அன்று நான் லீவில் இருந்தேன்.

அன்றைக்கு நடந்த தவறு என்றால் உங்களுக்கு நல்லது. மாதக்கணக்கில் கிடந்த குறை என்றால் லீவுக்கு அர்த்தமே இல்லை. இன்டர்லாக் சென்சாரில் (மூடி திறந்தால் மெஷினை நிறுத்தும் கருவி) டேப் ஒட்டி, அந்த டேப்பில் தூசி படிந்து கறுத்துப்போயிருந்தால், அது நேற்று ஒட்டியதில்லை என்று யாருக்கும் தெரியும்.

சேஃப்டி ஆபீசர் என்று ஒருத்தர் இருக்கிறாரே, அவர்தானே மாட்ட வேண்டும்?

அவர் ஆலோசகர். பல இடங்களில் அவருக்கு ஒரு மெஷினைக்கூட நிறுத்தும் அதிகாரம் கிடையாது. மூன்றாவது கேள்விக்குச் சொன்னதுதான் இங்கேயும்: அதிகாரம் எங்கேயோ, பொறுப்பு அங்கே. நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்தும் பேசாமல் இருந்தால், அல்லது பொய்யான அறிக்கை எழுதினால், அவரும் மாட்டுவார். அப்போதும் நீங்கள் வெளியே வந்துவிட மாட்டீர்கள். ஒரு குற்றத்துக்கு ஒரு ஆள்தான் என்று எந்தக் கணக்கும் இல்லை.

விழுந்தது கான்ட்ராக்டர் ஆள். எங்கள் பேரோலிலேயே இல்லை.

பேரோலைப் பார்த்துவிட்டு யாரும் கீழே விழுவதில்லை. இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது, ஆபத்தை யார் அறிந்திருந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். கான்ட்ராக்டரும் சேர்ந்து மாட்டுவார் என்பது உண்மை. இதற்கு முந்தைய பதிலின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள்.

யாருக்கும் அடிபடவில்லை என்றால் கேஸ் வராதுதானே?

வரலாம். பல நாட்டுப் பாதுகாப்புச் சட்டங்கள் ஆளை ஆபத்தில் வைத்ததையே குற்றம் என்கின்றன. அடிபட்டாரா என்பது அதற்கு அப்புறம். நடைமுறையில் இன்ஸ்பெக்டர் முதலில் நோட்டீஸ் கொடுப்பார். அந்த நோட்டீஸை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, பிறகு விபத்து நடந்தால் "தெரியாது" என்ற வாதம் அங்கேயே செத்துவிடும்.

ஒருவர் இறந்துவிட்டால் கொலைக் கேஸா, கவனக்குறைவுக் கேஸா?

சிக்கலான கேள்வி இதுதான். ஒரே மாதிரி அலட்சியத்துக்கு 2 வருடமும் கிடைத்திருக்கிறது, 16 வருடமும் கிடைத்திருக்கிறது. எல்லாம் மனநிலையைப் பொறுத்தது: கவனிக்காமல் விட்டாரா, அல்லது ஆள் சாகலாம் என்று தெரிந்தும் நடந்தால் நடக்கட்டும் என்று விட்டாரா.

இத்தாலியின் டூரின் நகரில் தைசன்குரூப் இரும்பாலையில் 2007 டிசம்பர் 6 அதிகாலை தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். எப்படியும் மூடப்போகிற ஆலை என்பதால் தீத்தடுப்புச் செலவைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். 2011-இல் தலைமை நிர்வாகிக்குக் கொலைக் குற்றத்துக்காக 16 வருடம் 6 மாதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது கவனக்குறைவு மரணமாக மாறி, கடைசியில் 9 வருடம் 8 மாதத்தில் நின்றது. போபாலில் தண்டனை இதைவிட மிகக் குறைவு. 1984 விஷவாயு விபத்தில் கடுமையான பிரிவில் போட்ட வழக்கை 1996-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவு மரணமாகக் குறைத்தது. 2010 ஜூன் 7-இல் யூனியன் கார்பைடின் இந்திய நிறுவன அதிகாரிகளுக்கு 2 வருடச் சிறை. ஆயிரக்கணக்கில் மக்கள் இறந்த விபத்துக்கு இருபத்தைந்தரை வருடம் கழித்து 2 வருடம். எனக்கு இன்னும் செரிக்காத தீர்ப்பு.

காரணத் தொடர்பும் முக்கியம். மும்பையில் ஒரு பெயிண்ட் ஆலை. உரிமம் இல்லாத சூடான முறையில் பெயிண்ட் காய்ச்சியதில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். 1960-களில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பங்குதாரரும் மேலாளருமாக இருந்தவர் உரிமம் இல்லாமல் நெருப்போடு விளையாடியது குற்றம்தான், ஆனால் மரணத்துக்கு நேரடிக் காரணம் இன்னொருவர் டர்பன்டைனை அவசரமாக ஊற்றியது என்று சொல்லி, மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து அவரை விடுவித்தார்கள். பின்னணியில் ஒரு காரணமாக இருந்தால் மட்டும் போதாது, உடனடிக் காரணமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. மேலாளர் தரப்பு வக்கீல்கள் இன்றும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

கடைசியில் மாட்டுவது சின்ன ஆள்தானே சார்? முதலாளிக்கு என்ன ஆகப்போகிறது?

இதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. சின்னக் கம்பெனியில் முதலாளியே களத்தில் நிற்பார், அவருக்கு எல்லாம் தெரியும், நிரூபிப்பது சுலபம். பெரிய கம்பெனியில் தகவல் மேலே போகப் போகத் தேய்ந்துவிடும். 1987-இல் பெல்ஜியம் கரையருகே ஒரு பிரிட்டிஷ் பயணிக் கப்பல் முன்கதவு திறந்தபடியே கிளம்பிக் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட மேல்தளத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. கம்பெனி மீதும் அதிகாரிகள் மீதும் தொடுத்த மனிதக்கொலை வழக்கு 1990-இல் விழுந்தது. இப்படிப்பட்ட தோல்விகள் சேர்ந்துதான் பிரிட்டனில் 2007-இல் கம்பெனிகளுக்கான மனிதக்கொலைச் சட்டம் வந்தது. ஆனால் அது கம்பெனியை மட்டும் தண்டிக்கிறது, தனி மனிதர் மீது பழைய சட்டப்படியே போக வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2010-இல் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். கம்பெனித் தலைமை நிர்வாகி டான் பிளாங்கன்ஷிப் பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்ததாக 1 வருடம் சிறை சென்றார். 29 உயிருக்கு 1 வருடமா என்று கேட்டவர்கள் உண்டு. தலைமை நிர்வாகியே உள்ளே போனது அதிசயம் என்றவர்களும் உண்டு.

விபத்து நடந்த உடனே நான் செய்யவே கூடாதது என்ன?

எதையும் மாற்றாதீர்கள். ஆளைக் காப்பாற்றவும் அடுத்த ஆபத்தைத் தடுக்கவும் தேவையானதைத் தவிர ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. கார்டை எடுத்து மாட்டுவது, பெர்மிட்டில் பின்தேதி போடுவது, வாட்ஸ்அப்பில் "டெலீட் பண்ணிடு" என்பது எல்லாம் தனித்தனிக் குற்றங்கள்.

மேலே சொன்ன அதே சுரங்கத்தில் பாதுகாவலர் பிரிவுத் தலைவர், விசாரணையாளர்களிடம் பொய் சொல்லி, ஆவணங்களை அழிக்கவும் உத்தரவிட்டார். அவருக்கு 3 வருடம். தலைமை நிர்வாகிக்குக் கிடைத்ததைவிட மூன்று மடங்கு.

கம்பெனி வக்கீல் கூடவே இருக்கிறார். எனக்கும் அவரே போதும்தானே?

போதாது. அவருடைய கட்சிக்காரர் கம்பெனி. "அமைப்பு சரியாக இருந்தது, இந்த மேனேஜர்தான் பின்பற்றவில்லை" என்பது கம்பெனிக்கு நல்ல வாதமாக இருக்கும் நாள் வரும். அன்றைக்கு அவர் யார் பக்கம் நிற்பார்? உங்கள் மீது சந்தேகம் இருக்கிறது என்று தெரிந்த உடனே தனி வக்கீல் வையுங்கள். இன்ஸ்பெக்டருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், எதற்கு மௌனமாக இருக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதை அவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அபராதத்தை இன்ஷூரன்ஸ் கட்டிவிடுமா?

வக்கீல் செலவைக் கட்டும் பாலிசிகள் உண்டு. குற்ற வழக்கு அபராதத்தைப் பொதுவாகக் கட்டாது, பல நாடுகளில் கட்டவும் கூடாது. சிறைக்குப் பதிலாள் அனுப்பும் பாலிசி இன்னும் வரவில்லை.

இதெல்லாம் சரி சார். ஆனால் வேலையை நிறுத்தினால் என் வேலை போய்விடுமே?

கடைசியாக எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான். சில நாட்டுச் சட்டங்கள் பாதுகாப்புக்காக வேலையை நிறுத்தியவரைப் பழிவாங்குவதைத் தடுக்கின்றன. அது ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் அடுத்த வருட இன்க்ரிமென்ட்டில் கை வைப்பார்கள், யாரும் நிரூபிக்க முடியாது.

ஒரு மேற்பார்வையாளர் தன் வழியைச் சொன்னார். அவர் "நிறுத்துகிறேன்" என்று சொல்வதே இல்லையாம். உற்பத்தித் தலைவருக்குப் போன் போட்டு, "சார், மூன்றாம் நம்பர் பிரெஸ்ஸில் இன்டர்லாக் வேலை செய்யவில்லை. ஓட்டட்டுமா? ஓட்டச் சொன்னதாக லாக் புக்கில் உங்கள் பெயரைப் போட்டு எழுதிக்கொள்கிறேன்" என்பாராம். நான்கு வருடத்தில் ஒரு முறைகூட "ஓட்டு" என்று பதில் வந்ததில்லையாம். பெரும்பாலும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, அப்புறம் "ஃபிட்டரைக் கூப்பிடு" என்று ஒரு குரல் வருமாம்.